மேற்குப் புறநகரில் கடல் மீன்

அயர்லாந்து தேசத்தின் கடலோர ஊர்களிலே, கரைக்கு வந்த மீன் அன்றைக்கே பக்கத்து மதுச்சாலையின் சமையலறைக்குப் போய்விடுகிறது என்றும், கால்வே நகரில் 1954 முதல் சிப்பி உண்பதற்கென்றே ஆண்டுதோறும் ஒரு திருவிழா நடக்கிறது என்றும் கேள்விப்படுகிற அம்பத்தூர்வாசிக்கு, நமக்கும் கூப்பிடு தொலைவில் கடல் இருந்தும் இந்தப் பாக்கியம் வாய்க்கவில்லையே என்ற ஆதங்கம் எழுவது சகஜம். தூரத்தைக் காரணமாகச் சொல்வதில் நியாயமில்லை. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-ஆம் வருஷம் ராயபுரத்திலிருந்து புறப்பட்டு இந்த அம்பத்தூர், ஆவடி வழியாகத்தான் வாலாஜாவுக்குப் போயிற்று. அந்த ராயபுரத்துக்குப் பக்கத்தில்தான் காசிமேடு இருக்கிறது. விடியுமுன் அங்கே ஏலம் போகும் சங்கராவும் வஞ்சிரமும் ஐஸ் பெட்டியில் ஏறி, ஆவடியில் வீட்டு வேலைகள் முடிவதற்குள் வந்து சேர்ந்துவிடுகின்றன.

மீனின் புதுமையைக் கரையிலிருந்து கணக்கிடுவது தவறு. அது தண்ணீரை விட்ட நேரத்திலிருந்து கணக்கிட வேண்டும். பல நாள் கடலிலேயே தங்கித் திரும்பும் பெரிய விசைப்படகின் அடியில் ஐஸுக்குள் கிடந்த மீனைக் காசிமேட்டிலேயே நின்று வாங்கினாலும் அது பழைய மீன்தான். இரவு போய்க் காலையில் திரும்பும் ஃபைபர் படகின் நெத்திலியும் கிழங்கானும், இடையில் ஐஸ் குறையாமல் வந்தால், பூந்தமல்லிக்கு வந்த பிறகும் புது மீன்தான். செவுளைத் தூக்கிப் பார்த்துச் சிவப்பு வெளுத்திருந்தால் பேசாமல் அடுத்த கூடைக்கு நகரும் நம் வீட்டுப் பெண்மணிகளுக்கு இந்தச் சாஸ்திரத்தை எவரும் போதிக்க வேண்டியதில்லை.

ஆனால் அயர்லாந்தின் அந்த மதுச்சாலை போன்ற இடம் இங்கே ஏன் இல்லை என்பதற்குச் சரித்திரத்தில் காரணம் உண்டு. 1948-இல் சென்னை மாகாணம் முழுவதும் பரவிய மதுவிலக்கு 1971 வரை நீடித்தமையால், குடும்பத்தோடு உட்கார்ந்து உண்ணும் இடமாக மதுச்சாலை வளர்வதற்கு இடமே ஏற்படவில்லை. பிற்பாடு வந்த பார்களில் மீன் வெறும் தொடுகறி. மிளகாய்ப்பொடியின் சிவப்பில் மூழ்கிய துண்டு பாறையா, சுறாவா என்று கேட்பாருமில்லை, சொல்வாருமில்லை. நல்ல மீனுக்கு இதைவிடப் பெரிய அவமரியாதை இல்லை என்பது என் அபிப்பிராயம்.

மீனுக்கு உரிய மரியாதை கிடைப்பது பகல் வேளையிலே, மெஸ்களில்தான். 1964-இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை வந்ததிலிருந்து, ஷிப்டு முடிந்து பசியோடு வருகிறவர்களை நம்பிப் பிழைக்கும் இவ்விடங்களில், புளியும் மாங்காயும் சேர்ந்த குழம்பும், தோசைக்கல்லில் நிதானமாக வறுத்த ஒரு துண்டும் கிடைத்துவிட்டால், கால்வேயை எண்ணி ஏங்குவது அனாவசியம். உட்காருமுன் இன்று என்ன மீன் என்று கேட்க வேண்டும். பதில் பெயராக வராமல் ‘மீன்தான் சார்’ என்று வந்தால் சாம்பார் சாதம் உத்தமம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. நாட்டுப்படகு கொண்டுவரும் சொற்பத்துக்கு விலை ஏறிவிடும். அப்போது பூந்தமல்லிக்காரர்களுக்குச் செம்பரம்பாக்கம் ஏரி அருகிலேயே இருக்கிறது. விராலும் கெண்டையும் கடல் மீனின் ருசியைத் தராவிட்டாலும், உயிரோடு துள்ளுவதைப் பார்த்து வாங்கலாம்.