மூன்று பேர் சொந்தம் கொண்டாடும் ஒரு பாலைவன ஊர்... தலேஹ் கோட்டையின் கதை!

உங்கள் மொபைலில் மேப்பைத் திறந்து, ஆப்பிரிக்காவின் கிழக்கு ஓரத்தில் கொம்புபோலக் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் சோமாலியாவைப் பெரிதாக்கிப் பாருங்கள். அதன் வடபகுதியில் ஓர் எல்லைக்கோடு புள்ளி புள்ளியாக ஓடும். மற்ற நாடுகளின் எல்லைபோல அழுத்தமான கோடு அல்ல அது. 'இந்த இடம் யாருக்குச் சொந்தம் என்பதில் தகராறு இருக்கிறது' என்பதுதான் அந்தப் புள்ளிகளுக்கு அர்த்தம். அந்தக் கோட்டுக்குச் சற்று மேற்கே இருக்கும் சின்னஞ்சிறு ஊர்தான் தலேஹ்.

சுற்றிலும் வறண்ட நிலம். ஒட்டகமும் ஆடும் மேய்ப்பதுதான் மக்களின் பிழைப்பு. மண்ணுக்கு அடியில் ஜிப்சம் பாறை. சோமாலியாவில் பரவிக்கிடக்கும் இந்தப் பாறை அடுக்குக்கு நிலவியல் அறிஞர்கள் இந்த ஊரின் பெயரையே வைத்திருக்கிறார்கள். பாறையில் ஊறிவரும் தண்ணீர் பல இடங்களில் வாயில் வைக்க முடியாத அளவுக்குக் கரிக்கும்.

இப்படிப்பட்ட ஊருக்காக ஏன் இத்தனை சண்டை? பதில், ஊரில் இடிந்து நிற்கும் கற்கோட்டையில் இருக்கிறது.

கவிஞர் கட்டிய கோட்டை

19-ம் நூற்றாண்டின் கடைசியில் சோமாலியர்களின் நிலத்தை பிரிட்டன், இத்தாலி, பிரான்ஸ், எத்தியோப்பியா ஆகிய நாடுகள் பங்குபோட்டுக்கொண்டன. பிரிட்டனின் பங்குக்கு வந்த பகுதியை 1898 வரை பிரிட்டிஷ் இந்திய அரசுதான் கவனித்துவந்தது. நம்மூர் ரூபாய்தான் அங்கேயும் புழங்கியது.

1899-ல் பிரிட்டனுக்கும் எத்தியோப்பியாவுக்கும் எதிராகக் கிளம்பினார் சையித் முகமது அப்துல்லா ஹசன். மெக்கா சென்று திரும்பிய மார்க்க அறிஞர். அதைவிட முக்கியமாக, பெரும் கவிஞர். சோமாலி மொழிக்கு அரசு அங்கீகாரம் பெற்ற எழுத்துமுறை வந்ததே 1972-ல்தான். அதுவரை செய்தி, வசை, வழக்கு, அரசியல் எல்லாமே கவிதையாக வாய்வழியே பயணித்தன. சையித்தின் கவிதைகளை மனப்பாடம் செய்து ஊர் ஊராகச் சொன்னவர்கள்தான் அவருடைய பிரசாரப் படை. அவருடைய வீரர்கள் 'தர்வீஷ்கள்' என்று அழைக்கப்பட்டார்கள். பிரிட்டிஷார் அவருக்கு வைத்த பெயர், 'பைத்தியக்கார முல்லா'.

அந்தப் 'பைத்தியத்தை' அடக்க 1904-க்குள் 4 முறை படையெடுத்தது பிரிட்டன். இந்தியச் சிப்பாய்களும் அனுப்பப்பட்டார்கள். 1903 ஏப்ரலில் கும்புரு என்ற இடத்தில், சீக்கியச் சிப்பாய்களும் ஆப்பிரிக்க வீரர்களும் இருந்த பிரிட்டிஷ் அணி ஒன்று ஏறக்குறைய முழுதாக அழிந்தது. 1910-ல் உள்நாட்டைக் கைவிட்டு, கடற்கரை நகரங்களுக்குப் பின்வாங்கியது பிரிட்டன்.

அந்த இடைவெளியில்தான் தலேஹ் தலைநகரானது. நாடோடியாக நகர்ந்துகொண்டே இருந்த இயக்கம், இங்கே கல் வைத்துக் கட்டியது. ஏமன் நாட்டுக் கொத்தனார்களைக் கொண்டு எழுப்பப்பட்ட கோட்டையின் பெயர் 'சில்சிலத்'. சங்கிலி என்று அர்த்தம். பெயருக்கேற்றபடி, 13 சிறு கோட்டைகளை மதிலால் சங்கிலிபோலக் கோத்திருந்தார்கள். சுற்றியிருந்த காவல் கோட்டைகளின் உயரம் 50 அடிக்கும் மேல்.

20 வருடப் போர் முடிந்தது 3 வாரத்தில்!

முதல் உலகப்போர் முடிந்தபோது பிரிட்டிஷ் விமானப்படைக்கு ஒரு கவலை. 1918-ல்தான் தனிப்படையாக உருவானது. இப்போது செலவைக் குறைக்கக் கலைத்துவிடுவார்களோ என்ற பயம். 'எங்களால் குறைந்த செலவில் காலனிகளை அடக்க முடியும்' என்று நிரூபிக்க அதற்கு ஓர் இடம் தேவைப்பட்டது. சோமாலிய பாலைவனம் கிடைத்தது. போர், விமானப்படை இரண்டு துறைகளுக்கும் அப்போது அமைச்சராக இருந்தவர் வின்ஸ்டன் சர்ச்சில்.

12 விமானங்கள் கப்பலில் பெர்பெரா துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தன. 1920 ஜனவரி 21 அன்று, தலேஹுக்கு வடக்கே மெதிஷி என்ற இடத்தில் இருந்த சையித்தின் முகாமில் முதல் குண்டு விழுந்தது. அன்று அங்கே நடந்ததாக அந்தக் காலத்து பிரிட்டிஷ் அதிகாரி டக்ளஸ் ஜார்டைன் தன் நூலில் ஒரு காட்சியைச் சொல்கிறார். வானத்தில் வருவது என்னவென்று யாருக்கும் புரியவில்லை. யாரோ தூதர்கள் வருகிறார்கள் என்று நினைத்து, சையித் நல்ல உடை உடுத்தி, வெள்ளைப் பந்தலின் கீழே காத்திருந்தாராம். விழுந்த குண்டில் பக்கத்தில் நின்ற அவருடைய மாமா இறந்தார். சையித்தின் உடை கருகியது.

அடுத்து தலேஹ் மீதும் குண்டுவீச்சு. கோட்டையைச் சுற்றியிருந்த குடிசைகள் எரிந்தன. தரைவழியே ஒட்டகப்படையும், பிரிட்டன் பக்கம் இருந்த சோமாலியக் குலங்களின் வீரர்களும் சூழ்ந்தார்கள். பிப்ரவரி 9-ம் தேதி தலேஹ் விழுந்தது. தப்பிச்சென்ற சையித், அதே ஆண்டு டிசம்பரில் எத்தியோப்பியாவின் இமி என்ற இடத்தில் நோயால் இறந்தார்.

இந்த வெற்றியைக் காட்டித்தான் பிரிட்டிஷ் விமானப்படை தன் இருப்பைக் காப்பாற்றிக்கொண்டது. அடுத்து இதே உத்தி ஈராக்குக்குப் போனது.

ஒரே மனிதர், இரண்டு நினைவுகள்

இவ்வளவு படித்ததும் சையித்தை விடுதலை வீரர் என்று முடிவு கட்டிவிடத் தோன்றும். சோமாலியாவில் பலருக்கு அவர் அப்படித்தான். தலைநகர் மொகதிஷுவில் அவருக்கு குதிரையில் அமர்ந்த சிலையே வைத்தார்கள்.

ஆனால், தன் பக்கம் சேராத சோமாலியக் குலங்களையும் அவர் விட்டுவைக்கவில்லை. ஒட்டகங்கள் பறிக்கப்பட்டன, கிணறுகள் கைமாறின, ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள். பிரிட்டன் பின்வாங்கிய பிறகு வந்த பஞ்சகாலத்தை, 'விலக்கப்பட்டதைத் தின்ற காலம்' என்று பொருள்படும் பெயரால் சோமாலியர்கள் குறிப்பிடுகிறார்கள். மார்க்கம் தடுத்த இறைச்சியைத் தின்றுதான் உயிர்பிழைக்க வேண்டியிருந்தது. அந்தக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகளில் பலர் இன்று சோமாலிலாந்தில் வாழ்கிறார்கள். தலேஹ் அவர்களுக்குப் பெருமையின் சின்னம் அல்ல.

தலேஹ் பகுதியில் வாழும் துல்பஹந்தே குலத்தினருக்கோ, சையித் தாய்வழியில் சொந்த ரத்தம்.

கோடா, குலமா?

1894-ல் பிரிட்டனும் இத்தாலியும் மேசையில் வைத்துப் போட்ட எல்லைக்கோடு, தலேஹை பிரிட்டன் பக்கம் தள்ளியது. 1960-ல் இரண்டு பகுதிகளும் சுதந்திரம் பெற்று ஒரே சோமாலியாவாக இணைந்தபோது அந்தக் கோடு மறைந்தது.

1991-ல் சோமாலிய அரசு கவிழ்ந்தது. வடமேற்கில் சோமாலிலாந்து தனிநாடாகத் தன்னை அறிவித்துக்கொண்டது. பழைய பிரிட்டிஷ் எல்லைதான் தன் எல்லை என்பது அதன் வாதம். 1998-ல் உருவான புன்ட்லாந்து, 'இவர்கள் எங்கள் குல உறவுகள், எனவே இது எங்கள் மண்' என்றது. இரண்டும் வேண்டாம் என்று நினைத்த உள்ளூர் மக்கள், 2012-ல் தலேஹில் கூடி 'கதுமோ' என்ற தனி மாநிலத்தை அறிவித்தார்கள். கூடுவதற்கு அந்த ஊரைத் தேர்ந்தெடுத்தது தற்செயல் அல்ல. 2014-ல் சோமாலிலாந்துப் படை தலேஹுக்குள் நுழைந்தது.

2023 பிப்ரவரியில் இந்தப் பிராந்தியத்தின் பெரிய நகரமான லாஸ் அனோதில் போர் வெடித்தது. லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வீடுகளை விட்டு ஓடினார்கள். ஆகஸ்டில் சோமாலிலாந்துப் படை பின்வாங்கியது. அக்டோபரில் இந்த மக்களின் நிர்வாகத்தை சோமாலிய மத்திய அரசு அங்கீகரித்தது. ஆனாலும் சோமாலிலாந்து தன் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை.

இந்த இழுபறியில் கவனிப்பார் இல்லாமல் நிற்பது கோட்டைதான். யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய ஒப்பந்தத்தில் சோமாலியா சேர்ந்ததே 2020-ல்தான். ஓர் இடத்தைப் பட்டியலுக்குப் பரிந்துரைக்க வேண்டியது ஒரு நாட்டின் அரசு. நிபுணர்கள் வந்து அளந்து, பழுதுபார்த்து, காவல் போட வேண்டும். துப்பாக்கிகள் ஓயாத மண்ணில் அதையெல்லாம் யார் செய்வது?

மழைக்கும் காற்றுக்கும் கற்கள் ஒவ்வொன்றாகச் சரிகின்றன. மேய்ச்சல் தேடிச் செல்லும் குடும்பங்கள், 1894-ல் போட்ட கோட்டை இன்றும் ஆடு, ஒட்டகங்களோடு கடந்து போய்வருகின்றன. கோட்டின் இரண்டு பக்கமும் அவர்களுக்குச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். அடுத்தமுறை மேப்பில் ஒரு புள்ளிக்கோடு கண்ணில்பட்டால், ஒரு நிமிடம் நின்று பெரிதாக்கிப் பாருங்கள்.