பழைய அம்பாசிடருக்கு வீட்டிலேயே வைத்தியம்! பெயிண்ட் அப்புறம், பெட்ரோல் குழாயை முதல்ல பாருங்க!

"மாப்ளே, பெட்ரோல் வாடை அடிக்குதே!"

"பங்க்ல ஊத்துறப்போ சிந்தியிருக்கும் மாமா. நீங்க ஓட்டுங்க."

போன சித்திரை மாதம். பகல் 1 மணி. பெரம்பலூரில் இருந்து அரியலூர் போகும் சாலை. முன்னால் ஒரு லாரி, பின்னால் ஒரு லாரி. நடுவில் எங்கள் மாமாவின் 1978-ம் வருட 'மார்க் 3' அம்பாசிடர்.

நான் சொன்னதை மாமா கேட்கவில்லை. நல்ல வேளை! புளியமரத்தடியில் ஒதுக்கி, பானட்டைத் தூக்கினார். பம்பில் இருந்து கார்புரேட்டருக்குப் போகும் ரப்பர் குழாய் வாய் பிளந்து, பெட்ரோல் சொட்டுச் சொட்டாக ஒழுகிக்கொண்டு இருந்தது. பக்கத்திலேயே என்ஜினில் இருந்து சைலன்சருக்குப் போகும் இரும்புக் குழாய், தொட்டால் கை வெந்துவிடும் சூட்டில்! இன்னும் 10 கிலோ மீட்டர் போயிருந்தால், அன்று மாலைப் பேப்பரில் நாங்களே செய்தி ஆகியிருப்போம்.

வேடிக்கை என்னவென்றால், பொங்கலுக்குத்தான் அந்தக் காருக்குப் புதுப் பெயிண்ட் அடித்து, சீட் கவர் மாற்றி, பாட்டுப் பெட்டியும் வைத்தார் மாமா. ஒரு முழம் ரப்பர் குழாயை மட்டும் யாரும் பார்க்கவில்லை.

கம்பெனி போச்சு, கார் இருக்கு!

இங்கிலாந்தின் 'மோரிஸ் ஆக்ஸ்போர்டு' காரை அடிப்படையாக வைத்து, 1950-களின் கடைசியில் வந்தது அம்பாசிடர். கொல்கத்தா அருகே உத்தரபாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் தயாரித்தது. மந்திரி முதல் வாடகை டாக்சி வரை எல்லோருக்கும் அதே கார்தான். எம்.ஜி.ஆர். காரின் 4777 என்ற எண் இன்றும் பலருக்கு மனப்பாடம். 2014 மே மாதம் தொழிற்சாலை நின்றது. 2017-ல் பெயரையே 80 கோடி ரூபாய்க்கு பிரான்ஸ் நாட்டு பீஜோ கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள்.

ஆனாலும் பெரம்பலூர், அரியலூர் பக்கம் ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஸ்பானரும் கையுமாக அம்பாசிடர் முன்னால் உட்காருகிற ஆட்கள் இன்னும் உண்டு. காரணம் ஆசை மட்டும் இல்லை. கம்ப்யூட்டரை மாட்டிப் பழுது கண்டுபிடிக்கும் இந்தக் காலத்துப் பையன்களுக்கு கார்புரேட்டர் பழக்கம் இல்லை. தெரிந்த பெரிய மேஸ்திரிகளுக்கு வயதாகிவிட்டது. சாமான் வேண்டுமானால் திருச்சியில் விசாரிக்க வேண்டும். இல்லாவிட்டால் சென்னை புதுப்பேட்டைக்கு பஸ் ஏற வேண்டும். ஆகவே சொந்தக்காரரே மெக்கானிக்!

குழாயைத் தின்னும் பெட்ரோல்

இனி விஷயத்துக்கு வருவோம். மாமா காரின் குழாய் ஏன் பிளந்தது?

வயது ஒரு காரணம். இன்னொரு காரணம், பங்க்கில் ஊற்றும் பெட்ரோல். 2025-ல் நாடு முழுவதும் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வந்துவிட்டது. எத்தனால் என்பது சாராய வகை. பழைய காலத்து ரப்பர், கார்க் வாஷர், பம்புக்குள் இருக்கும் டயாபிரம் இவற்றோடு அதற்கு ஒத்துப்போகாது. ரப்பர் ஊதும், இளகும், பிறகு வெடிக்கும். எத்தனால் தண்ணீரையும் இழுக்கும். மாதக் கணக்கில் ஓடாமல் நிற்கும் காரில் டேங்க் துருப்பிடிக்க இதுவே போதும்.

சோதிப்பது சுலபம். என்ஜின் ஆறியபிறகு குழாயை விரலால் அமுக்கிப் பாருங்கள். கையில் கறுப்பாக ஒட்டினாலும் சரி, வளைக்கும்போது வெடிப்பு தெரிந்தாலும் சரி, அன்றைக்கே மாற்ற வேண்டும். கடையில் சும்மா "பெட்ரோல் டியூப் குடுங்க" என்று கேட்காதீர்கள். எத்தனால் தாங்கும் குழாயா என்று கேட்டு வாங்குங்கள். கிளிப்பும் புதிதாகப் போடுங்கள். டேங்க்கின் பழைய அழுக்கு கிளம்பி வரும் என்பதால் வழியில் ஒரு சின்ன பில்டர் அவசியம். காருக்குள் ஒரு தீயணைப்பு சிலிண்டர் இருந்தால் நிம்மதி.

வெயிலில் வண்டி திணறினால் பம்புக்கு ஈரத்துணி சுற்றுவது நம்ம ஊர் பழைய வைத்தியம். சூட்டில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகி அடைப்பதால் வரும் தொல்லை அது. துணி சுற்றலாம், தப்பில்லை. ஆனால் ஒழுகுகிற பம்பைத் துணியால் மறைத்துவிடாதீர்கள்.

"ரெண்டு மிதி மிதிச்சா நிக்கும்!"

அடுத்தது பிரேக். "ரெண்டு மிதி மிதிச்சா நிக்கும் சார், பயப்படாதீங்க" என்று பெருமையாகச் சொல்லும் அம்பாசிடர்காரர்களைப் பார்த்திருப்பீர்கள். பயப்பட வேண்டிய இடமே அதுதான்! முதல் மிதியில் இறங்கி இரண்டாவது மிதியில் பிடித்தால், டிரம்முக்கும் கட்டைக்கும் இடைவெளி அதிகம், அல்லது குழாயில் காற்று புகுந்திருக்கிறது. மிதித்துப் பிடித்திருக்கும்போதே பெடல் மெதுவாகக் கீழே இறங்கினால், மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் தேய்ந்துவிட்டது. பழைய மாடல்களில் நாலு சக்கரத்துக்கும் ஒரே பிரேக் ஆயில் வழி. ஒரு இடத்தில் ஒழுகினால் நாலும் போச்சு. லாரி ஓடும் அரியலூர் சாலையில் இரண்டாவது மிதிக்கு நேரம் ஏது?

காற்று எடுப்பதை வீட்டிலேயே செய்யலாம். ஒருவர் பெடலை மிதிக்க, ஒருவர் சக்கரத்துக்குப் பின்னால் உள்ள நிப்பிளைத் திறந்து மூட வேண்டும். மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்தில் இருந்து தொடங்குங்கள். பிரேக் ஆயிலுக்குப் பதில் வேறு எந்த எண்ணெயையும் ஊற்றாதீர்கள், ரப்பர் எல்லாம் உப்பிவிடும். டிரம்மைக் கழற்றினால் உள்ளே இருக்கும் தூளை வாயால் ஊதுவது பலருக்குப் பழக்கம். பழைய கட்டைகளில் கல்நார் உண்டு. அந்தத் தூள் நுரையீரலுக்கு எமன். ஈரத்துணியால் துடையுங்கள்.

பிந்தைய அம்பாசிடர்களில் முன் சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் வந்தது. அதைப் பழைய காருக்கு மாற்றுவது நல்லதுதான். ஆனால் அது வீட்டு வாசலில் செய்கிற வேலை இல்லை. முன்பக்க டார்ஷன் பாரும் அப்படியே. முறுக்கி வைத்த இரும்பு அது. தெரியாமல் கழற்றினால் கையை முறித்துவிடும்.

இன்னொன்று. ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள காரை ஜாக்கியில் தூக்கி, நாலு செங்கல்லை முட்டுக் கொடுத்து, அடியில் படுக்கிறார்களே! செங்கல் நொறுங்கும். ஜாக்கி இறங்கும். இரும்பு ஸ்டாண்டோ, கெட்டியான மரக்கட்டையோ இல்லாமல் அடியில் தலையை நீட்டாதீர்கள்.

ஒன்பது கணக்கு

டேப்பட் சரி செய்வது பெரிய வித்தை என்று நினைப்பவர்களுக்கு ஒரு சுலபக் கணக்கு. பழைய 1489 சி.சி. என்ஜினில் வால்வு 8. எட்டாவது வால்வு முழுதாகத் திறந்திருக்கும்போது ஒன்றாவதை சரி செய்யுங்கள். ஆறாவது திறந்திருந்தால் மூன்றாவது. நான்காவது திறந்திருந்தால் ஐந்தாவது. எப்படிக் கூட்டினாலும் ஒன்பது வரும். 2000-ம் ஆண்டு பிப்ரவரியில் ஈயம் கலந்த பெட்ரோல் நாடு முழுவதும் நிறுத்தப்பட்டதில் இருந்து, பழைய என்ஜின்களில் வால்வு உட்காரும் இடம் சீக்கிரம் தேய்கிறது. தேயத் தேய இடைவெளி குறையும். அதனால்தான் அடிக்கடி பார்க்கச் சொல்வது.

மங்கலாக எரியும் விளக்குக்காக டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர் போடலாம், தப்பே இல்லை. ஆனால் பாட்டுப் பெட்டிக்கும் பெரிய ஹாரனுக்கும் பியூஸ் இல்லாமல் ஒயர் இழுக்காதீர்கள்.

ஆர்.சி. புத்தகம் என்ன சொல்லுது?

"மாப்ளே, இசுசு என்ஜினை வெச்சு, அஞ்சு கியர் ஆக்கிட்டா எப்படி?" என்பது மாமாவின் அடுத்த ஆசை. 1990-களில் அம்பாசிடருக்கு 1,817 சி.சி. இசுசு என்ஜின் வந்தது வாஸ்தவம்தான். ஆனால் நினைத்தபடி என்ஜின் மாற்ற சட்டம் விடாது. ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும், ஆர்.சி.யில் பதிய வேண்டும். கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் கறாராகச் சொல்லிவிட்டது. பதியாத என்ஜினோடு விபத்து நடந்தால் இன்சூரன்சுக்கு அலைய வேண்டியதுதான்.

15 வருடம் தாண்டிய காருக்கு ஆர்.சி. புதுப்பிக்க முன்பு 600 ரூபாய். 2022 ஏப்ரல் முதல் 5 ஆயிரம். 20 வருடம் தாண்டியவற்றுக்கு 2025 ஆகஸ்டில் 10 ஆயிரம் ஆக்கினார்கள். 50 வருடம் ஆன, அசல் மாறாத கார்களை 'விண்டேஜ்' என்று பதிந்துகொள்ள 2021-ல் விதி வந்தது. மாமாவின் காருக்கு 2028-ல் 50 வயது. அவருக்கு உடனே மூக்கில் வியர்த்துவிட்டது.

"அப்படிப் பதிஞ்சா கண்காட்சிக்கும் பேரணிக்கும்தான் ஓட்டலாம் மாமா. தினசரி ஓட்டக் கூடாது."

மாமா யோசித்தார்.

"அப்போ நம்ம பொண்ணு கல்யாணத்துக்கு மாப்பிள்ளை அழைப்பு?"

"அதுக்கும் ஆகாது."

"அந்த விண்டேஜே வேணாம் போ! நீ அந்த 10-ம் நம்பர் ஸ்பானரை எடு."