தோளுக்குள்ளே இத்தனை வித்தைகளா? தெரியுமா உங்களுக்கு!

வலது உள்ளங்கையை இடது தோளின் மேல் வையுங்கள். அப்படியே இடது கையை முன்னால் நீட்டி, தலைக்கு மேல் தூக்கி, பின்னால் கொண்டுபோய் ஒரு முழுச் சுற்றுச் சுற்றுங்கள். உள்ளங்கைக்குக் கீழே என்னென்னவோ உருள்கிறதே, இறுகுகிறதே, சட்டென்று தளர்கிறதே, கவனித்தீர்களா? மனித உடலில் இந்த அளவுக்கு எல்லாத் திசையிலும் சுழலும் மூட்டு வேறு இல்லவே இல்லை!

பள்ளி ஆண்டுவிழாவில் எலுமிச்சை-கரண்டி ஓட்டம் ஓடியிருக்கிறீர்களா? தோள் மூட்டு அதேதான்! இடுப்பு மூட்டில், பணியாரக் கல்லில் பணியாரம் உட்கார்ந்திருப்பதுபோல், தொடை எலும்பின் உருண்டைத் தலை ஆழமான குழிக்குள் பத்திரமாக இருக்கிறது. தோளில் அந்தப் பாதுகாப்பு கிடையாது. குழி ஆழமே இல்லாத ஒரு தட்டு. எந்த நேரத்திலும் உருண்டையின் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குதான் அதைத் தொட்டுக்கொண்டிருக்கும்! மீதியெல்லாம் வெளியே! அப்படியானால் நம் கை ஏன் கழன்று விழவில்லை? அங்கேதான் தசைகள் வருகின்றன!

முதுகில் முக்கோணமாகத் துருத்தும் தோள்பட்டை எலும்பு எதில் மாட்டியிருக்கிறது தெரியுமா? விலா எலும்புகளோடு அதற்கு ஒரு மூட்டுகூட இல்லை! தசை மெத்தையின் மேல் மிதந்து, வழுக்கிக்கொண்டே இருக்கிறது. கை முழுவதும் உடலின் நடு எலும்புக்கூட்டோடு எலும்பாக இணைவது ஒரே ஓர் இடத்தில்தான். தொண்டைக்குழிக்குப் பக்கத்தில் விரலை வைத்தால் ஒரு குமிழ் தட்டுப்படுகிறதா? காறை எலும்பு நெஞ்செலும்பைத் தொடும் அந்த இடம்தான்! பாக்கிப் பிணைப்பு அத்தனையும் தசையின் பொறுப்பு. அந்த ஒரு தோள்பட்டை எலும்பில் மட்டும் எத்தனை தசைகள் ஒட்டியிருக்கின்றன, சொல்லுங்கள்? 17!

அந்த 17 பேரில் நான்கு பேர் சிறப்புக் காவலர்கள். சப்ராஸ்பினேட்டஸ், இன்ஃப்ராஸ்பினேட்டஸ், டீரஸ் மைனர், சப்ஸ்கேபுலாரிஸ். முழுக்கைச் சட்டையின் கஃப் மணிக்கட்டைச் சுற்றிப் பிடிப்பதுபோல் இந்த நால்வரின் தசைநாண்களும் மூட்டு உருண்டையைச் சுற்றிப் பிடித்திருக்கின்றன. ‘ரொட்டேட்டர் கஃப்’ என்ற பெயரே அப்படி வந்ததுதான்! பெரிய தசைகள் கையை இழுக்கும்போதெல்லாம், உருண்டை தட்டைவிட்டு நழுவாமல் அழுத்திப் பிடிப்பது இவர்கள் வேலை. நால்வரில் பெரியவர், பலசாலி யார் தெரியுமா? வெளியே கண்ணுக்கே தெரியாத சப்ஸ்கேபுலாரிஸ்! தோள்பட்டை எலும்புக்கும் விலா எலும்புகளுக்கும் நடுவே ஒளிந்திருக்கிறது!

இன்னொரு காவலரும் உண்டு. காற்று! ஆமாம், காற்றேதான்! தோள் மூட்டைச் சுற்றியுள்ள உறைக்குள் அழுத்தம் வெளியே இருப்பதைவிடச் சற்றுக் குறைவு. கண்ணாடியில் ஒட்டும் ரப்பர் உறிஞ்சிபோல் அது உருண்டையை உள்ளே இழுத்து வைத்திருக்கிறது! குமார், பாலசுப்பிரமணியம் என்ற இரண்டு மருத்துவர்கள் இறந்தவர்களின் தோள்களில் இதைச் சோதித்து 1985ல் வெளியிட்டார்கள். உறையில் ஓட்டை போட்டுக் காற்றை உள்ளே விட்டார்கள். அவ்வளவுதான், உருண்டை கீழே இறங்கிவிட்டது!

கொரோனா தடுப்பூசி போட்டீர்களே, எந்தத் தசையில் குத்தினார்கள்? தோளுக்குத் தொப்பி போட்டதுபோல் வட்டமாகத் திரண்டிருக்கும் டெல்டாயிட்! இந்தியாவில் மட்டும் போடப்பட்ட டோஸ்கள் 220 கோடிக்கு மேல். அவற்றில் பெரும்பாலானவற்றை வாங்கிக்கொண்டது இந்த ஒரு தசை! கிரேக்கர்களின் ‘டெல்டா’ எழுத்து முக்கோணமாக இருக்கும். அதைத் தலைகீழாகக் கவிழ்த்தால் இந்தத் தசையின் வடிவம். ஆற்று முகத்துவாரத்தை டெல்டா என்கிறோமே, அதுவும் இதே எழுத்துதான்! காவிரி டெல்டாவும் உங்கள் தோளும் ஒரே பெயர்க்காரர்கள்!

இந்த டெல்டாயிட் படும் பாட்டைக் கேளுங்கள். ஒரு கையின் எடை உடல் எடையில் சுமார் 5 சதவீதம். நீங்கள் 60 கிலோ என்றால் கை 3 கிலோ. வெறுங்கையைப் பக்கவாட்டில் நேராக நீட்டிப் பிடியுங்கள். தூக்குவது 3 கிலோதானே? ஆனால் கையின் எடை முழங்கைப் பக்கம் இருக்கிறது, தசையோ மூட்டுக்கு மிக அருகிலிருந்து இழுக்கிறது. நீளக் கம்பின் நுனியில் தொங்கும் வாளியை அடிப்பக்கம் பிடித்துத் தூக்குவதுபோல! அதனால் அந்த நேரம் மூட்டில் விழும் அழுத்தம் உங்கள் மொத்த உடல் எடையில் ஏறக்குறைய 90 சதவீதம்! கையில் ஒரு டம்ளர்கூட இல்லாதபோதே! கரும்பலகையில் எழுதும் ஆசிரியருக்கும், கூரைக்குச் சுண்ணாம்பு அடிப்பவருக்கும் தோள் ஏன் அப்படிக் கடுக்கிறது என்று இப்போது புரிகிறதா?

கையைத் தொங்கவிட்ட நிலையிலிருந்து தலைக்கு மேல் நேராக உயர்த்தினால் 180 டிகிரி. அத்தனையும் தோள் மூட்டே செய்கிறது என்றுதானே நினைத்தீர்கள்? இல்லை! 120 டிகிரிதான் மூட்டின் பங்கு. மிச்சம் 60 டிகிரி, முதுகில் தோள்பட்டை எலும்பே சுழன்று கொடுப்பது! இரண்டுக்கு ஒன்று என்ற இந்தத் தாளக்கட்டை அடுத்தவர் முதுகில் கைவைத்துப் பார்த்தால் நீங்களே உணரலாம்.

அப்படிச் சுழற்றிவிடும் தசைகளில் ஒன்று செரேட்டஸ் ஆன்டீரியர். மேல் 8 விலா எலும்புகளிலிருந்து ரம்பப் பற்கள்போல் கிளம்புகிறது. குத்துச்சண்டை வீரர் கையை முன்னால் பாய்ச்சுவது இதை நம்பித்தான்! இதற்கு ஒரே ஒரு நரம்பு. அந்த நரம்பு அடிபட்டால் என்ன ஆகும்? சுவரில் இரு கைகளையும் ஊன்றித் தள்ளும்போது, தோள்பட்டை எலும்பு முதுகிலிருந்து சிறகுபோல் எழும்பி நிற்கும்! மருத்துவர்களே அதற்குச் ‘சிறகுத் தோள்பட்டை’ என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள்!

“எனக்குத் தெரியாது” என்று தோளைக் குலுக்குகிறோமே, அந்தத் தசை ட்ரபீசியஸ். மண்டையோட்டின் பின்புறத்தில் தொடங்கி முதுகின் பாதிவரை இறங்குகிறது! இதை இயக்கும் நரம்பு, தலையின் 12 ஜோடி மண்டை நரம்புகளில் 11ஆவது! “தோளைத் தூக்குங்க” என்று சொல்லி மருத்துவர் இரு கைகளாலும் அழுத்திப் பார்ப்பது இந்த நரம்பைச் சோதிக்கத்தான்!

முதுகின் கீழ்ப்பகுதியிலும் இடுப்பெலும்பிலும் தொடங்கும் ஒரு தசை, மேலே ஏறி, முறுக்கிக்கொண்டு, கை எலும்பில் போய் ஒட்டுகிறது என்றால் நம்புவீர்களா? லாட்டிசிமஸ் டார்சை! பனையேறி மரத்தைப் பற்றிக்கொண்டு உடலை மேலே இழுக்கிறாரே, அந்த இழுப்பு இதனுடையது. பலமாக இருமும்போதும் இதுதான் விலாவை இறுக்குகிறது! இத்தாலிய அறுவை மருத்துவர் இகினியோ தன்சினி 1906லேயே, மார்பகம் அகற்றப்பட்ட பெண்களுக்கு இந்தத் தசையை முன்னால் திருப்பிக் கொண்டுவந்து மூடலாம் என்று காட்டினார்!

காறை எலும்பின் லத்தீன் பெயருக்கு என்ன பொருள் தெரியுமா? ‘சின்னச் சாவி’! கையை உயர்த்தும்போது, பூட்டில் சாவி திரும்புவதுபோல் அது தன் அச்சிலேயே திரும்புகிறது! அதன் கீழே தோள்பட்டை எலும்பில் வளைந்த ஒரு கொக்கி இருக்கிறது. அதன் மருத்துவப் பெயரில் இருப்பது ‘காக்கை’ என்ற கிரேக்கச் சொல்! காக்கை அலகுபோல் இருக்கிறதாம்! தாயின் வயிற்றில் ஐந்தாறு வாரக் கருவாக இருக்கும்போது, உடலிலேயே முதலில் எலும்பாக இறுகத் தொடங்குவது இந்தச் சின்னச் சாவிதான். முழுதாக முடிவது எப்போது? இருபது வயதைத் தாண்டி, பலருக்கு 25ஐ ஒட்டி!

குதிரைக்குக் காறை எலும்பே கிடையாது! முன்னங்கால்கள் இரண்டும் உடலோடு எலும்பால் இணையவே இல்லை. உடல் எடையில் ஏறக்குறைய 60 சதவீதம் விழும் அந்த முன்பகுதி, தூளியில் குழந்தைபோல் தசைகளில்தான் தொங்குகிறது!

மனித உடலின் மிக வேகமான அசைவுகளில் முதலிடம் எதற்கு? கண் சிமிட்டலா? ஓட்டமா? பந்தெறியும் தோளுக்கு! 2013ல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வு, எறியும் கணத்தில் கை எலும்பு நொடிக்கு 9000 டிகிரிக்கு மேல் சுழலக்கூடும் என்று சொன்னது. அதே வேகத்தில் ஒரு முழு நொடி சுழன்றால் 25 சுற்று! தசை மட்டும் இந்த வேகத்தைத் தந்துவிடாது. கையைப் பின்னால் கொண்டுபோகும்போது தோளின் நாண்களும் தசைநார்களும் கவண் ரப்பர்போல் இழுபட்டு நிற்கின்றன, பிறகு ‘விட்’டென்று விடுபடுகின்றன! நம்மைவிடப் பலசாலியான சிம்பன்சி எறிந்தால் வேகம் எவ்வளவு? மணிக்குச் சுமார் 30 கிலோமீட்டர்! நம் 12 வயதுப் பையன் பயிற்சி எடுத்திருந்தால் அதைப்போல் மூன்று மடங்கு எறிவான்! நம் தோளின் இந்த அமைப்பு முழுமையானது சுமார் 20 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு என்கிறது அதே ஆய்வு.

கண்டித் தமிழர் முத்தையா முரளிதரன் டெஸ்ட் போட்டிகளில் வீசியவை 44,039 பந்துகள்! விக்கெட்டுகள் 800! அந்த வலது தோள் 2004ல் கத்தியின் கீழ் போய்த் திரும்பி வந்தது. அதன் பிறகும் ஆறு ஆண்டுகள் டெஸ்ட் ஆடினார்!

உங்கள் தோளுக்குள் ஒரு கிழிசல் இருக்கலாம், உங்களுக்கே தெரியாமல்! 1995ல் தோள் வலியே இல்லாத 96 பேரை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். 60 வயதைக் கடந்தவர்களில் 54 சதவீதம் பேருக்கு ரொட்டேட்டர் கஃப் கிழிந்திருந்தது! பாதிக்கும் மேல்! ஒருவருக்கும் வலி இல்லை!

கிழியாமலே முடக்கிப்போடும் நோயும் உண்டு. ‘உறைந்த தோள்’. 1934ல் இந்தப் பெயரைச் சூட்டியவர் அமெரிக்க மருத்துவர் காட்மன். நூற்றில் 2 முதல் 5 பேருக்கு வருகிறது. சர்க்கரை நோயாளிகளுக்கு அதைவிடப் பல மடங்கு! என் அம்மாவுக்கும் வந்தது. ஒருநாள் காலை கொண்டை போடக் கை பின்னால் போகவில்லை. அன்று முதல் பின்னிவிட்டது நான்தான். பிசியோதெரபிஸ்ட் சொன்னபடி, சமையலறைக் காலண்டர் பக்கத்துச் சுவரில் விரல்களை எறும்புபோல் மேலே நடக்கவிடுவார். எட்டிய இடத்தில் பென்சிலால் ஒரு கோடு. முதல் கோடு அவர் தோள் உயரத்தில்கூட இல்லை. பதினொன்றாம் மாதத்தில் கோடு காலண்டர் ஆணியைத் தாண்டியது! வீட்டுக்கு வெள்ளையடித்தபோதும் அந்த ஒரு சாண் சுவரை மட்டும் விட்டுவிடச் சொன்னோம்.

தோள் வலித்தால் கோளாறு தோளில்தான் இருக்க வேண்டுமா? இல்லையே! பித்தப்பை வீங்கினால் வலது தோளில் வலிக்கலாம்! லேப்ராஸ்கோப்பி செய்துகொண்டவர்கள் “வயிற்றில்தானே ஆபரேஷன், தோள் ஏன் வலிக்குது?” என்று கேட்பது வழக்கம். வயிற்றுக்கு மேலே உள்ள உதரவிதானத்தின் நரம்பு கழுத்திலிருந்து இறங்குகிறது. தோள் நுனியின் உணர்ச்சி நரம்புகளும் அங்கிருந்தே கிளம்புகின்றன. உதரவிதானத்தில் உறுத்தல் வந்தால், மூளை முகவரி மாறிப் படித்துவிடுகிறது! இதயம் தடுமாறும்போது இடது தோள் வலிப்பதும் இந்த வகைதான். மார்பு இறுக்கம், வியர்வையோடு அந்த வலி வந்தால் ஒரு நொடிகூடக் காத்திருக்கக் கூடாது.

உடலின் பெரிய மூட்டுகளில் அடிக்கடி நழுவுவதும் தோள்தான். நூறு முறை நழுவினால் சுமார் 95 முறை முன்பக்கமாக! பின்பக்கம் நழுவுவது அபூர்வம். அந்த அபூர்வத்துக்குப் பேர்போன காரணங்கள் மின்சார ஷாக்கும் வலிப்பும்! எல்லாத் தசைகளும் ஒரே நேரத்தில் இறுகும்போது, கையை உள்பக்கம் திருப்பும் தசைகள் வென்றுவிடுகின்றன!

நழுவிய தோளை உள்ளே தள்ளும் வித்தை எவ்வளவு பழையது? எகிப்தில், இரண்டாம் ராம்செஸ் காலத்துச் சிற்பி இபுயின் கல்லறைச் சுவரில் ஓர் ஓவியம் இருக்கிறது. ஒருவர் தரையில் கிடக்கிறார், இன்னொருவர் அவர் கையைப் பிடித்து மடக்கித் திருப்புகிறார். 3200 ஆண்டுப் பழசு! ஸ்விட்சர்லாந்தின் தியோடர் கோக்கர் 1870ல் வெளியிட்ட முறையை அப்படியே பார்ப்பதுபோல் இருக்கிறது!

சரி, மூட்டே கெட்டுப்போனால்? 1893ல் பாரிஸில் ழூல் பேயான் என்ற மருத்துவர், காசநோய் தோளைத் தின்றுவிட்ட 37 வயது ரொட்டிக்கடைக்காரருக்கு, பிளாட்டினமும் கெட்டிப்படுத்திய ரப்பரும் சேர்த்துச் செய்த தோளைப் பொருத்தினார். செய்து கொடுத்தவர் ஒரு பல் மருத்துவர்! சுமார் இரண்டு ஆண்டுகள் அது அவர் உடலில் இருந்தது!

கடைசியாக, எனக்கு மிகப் பிடித்த ஒன்று. ரொட்டேட்டர் கஃப் நைந்து நாராகிவிட்டால், புது மூட்டு வைத்தாலும் உருண்டையைப் பிடித்துவைக்க ஆள் இல்லை. என்ன செய்வது? 1980களில் பிரான்சின் பால் கிராமோன் எல்லாவற்றையும் தலைகீழாக மாற்றினார்! உருண்டை இருந்த இடத்தில் கிண்ணம், குழி இருந்த இடத்தில் உருண்டை! மூட்டு சுழலும் மையம் உள்ளே தள்ளிப்போனது, டெல்டாயிடுக்கு நெம்புகோல் நீண்டது. நான்கு காவலர்கள் இல்லாமலே அந்த முக்கோணத் தசை ஒற்றை ஆளாகக் கையைத் தலைக்கு மேல் தூக்கிவிடுகிறது!