விளம்பர வழங்கி

விளம்பர வழங்கி என்பது இணையப் பக்கத்தில் எந்த விளம்பரத்தை யாருக்குக் காட்டுவது என்று முடிவு செய்து, அதை அனுப்பி, கணக்கும் வைக்கும் மென்பொருள் அமைப்பு ஆகும்.

வரலாறு

1994 அக்டோபரில் ஹாட்வயர்டு தளம் பதாகை விளம்பரங்களை வெளியிட்டது. தொடக்கத்தில் பெரும்பாலும் விளம்பரங்கள் பக்கத்திலேயே பதிக்கப்பட்டன. எல்லோருக்கும் ஒரே விளம்பரமே தெரிந்தது. இக்குறையைப் போக்கவே தனி வழங்கிகள் உருவாயின.

செயல்படும் முறை

பதிப்பாளர் தம் பக்கத்தில் ஒரு சிறு நிரலைச் சேர்க்கிறார். வாசகர் பக்கத்தைத் திறந்ததும் அவரது உலாவி வழங்கிக்குக் கோரிக்கை அனுப்புகிறது. நேரடியாக விற்கப்பட்ட விளம்பரம் இருந்தால் வழக்கமாக அதற்கே முன்னுரிமை. இல்லையெனில் அந்த இடம் ஏலத்துக்குச் செல்கிறது. வாசகரின் ஊர், கருவி, நினைவிகள் போன்றவற்றைக் கொண்டு விளம்பரதாரர்களின் மென்பொருள்கள் விலை கேட்கின்றன. இவையனைத்தும் ஒரு நொடிக்குள் முடிந்துவிடும்.

கணக்கீடு

கட்டணம் பொதுவாக ஆயிரம் காட்சிகளுக்கு அல்லது சொடுக்குகளுக்கு இவ்வளவு எனக் கணக்கிடப்படுகிறது. பதிப்பாளரும் விளம்பரதாரரும் தனித்தனி வழங்கிகளைப் பயன்படுத்துவதுண்டு. விளம்பரம் முழுதாக இறங்குமுன் வாசகர் பக்கத்தை மூடினால், ஒன்றில் பதிவாகும் காட்சி மற்றதில் பதிவாகாது. எனவே எவருடைய எண்ணிக்கையின்படி பணம் தருவது என்பதை ஒப்பந்தத்திலேயே குறிப்பிடுவர்.

சிக்கல்கள்

போலித் தளங்கள் பிறர் பெயரில் விளம்பர இடம் விற்பதைத் தடுக்க, அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளர்களின் பட்டியலைத் தளத்திலேயே வெளியிடும் முறை 2017இல் வந்தது. 2008இல் டபுள்கிளிக் நிறுவனத்தை வாங்கிய கூகுள், பதிப்பாளர் வழங்கி, விளம்பர ஏலச் சந்தை ஆகிய இரண்டிலும் சட்டவிரோதமாக ஏகபோகம் செலுத்தியதாக 2025 ஏப்ரலில் அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்தது.