உயர்த்திய ஜிம்னிக்கு எந்த ஷாக்?

ஆஸ்திரேலியாவின் வடமேற்கில் கிம்பர்லி என்றொரு பகுதி. அதன் ஊடே சுமார் 660 கிலோமீட்டர் ஓடுகிறது கிப் ரிவர் ரோடு. மாடுகளை ஏற்றிப்போகும் லாரிகளுக்காகப் போட்ட பாதை. தார் படாத இடங்களில் சாலையின் குறுக்கே வரிவரியாக மேடும் பள்ளமும் விழுந்திருக்கும். ஒரு மேட்டுக்கும் அடுத்த மேட்டுக்கும் முக்கால் மீட்டர் இடைவெளி என்று வைத்துக்கொள்வோம். 80 கிலோமீட்டர் வேகத்தில் போனால் சக்கரம் நொடிக்குச் சுமார் முப்பது அடி வாங்கும். மண்சாலையில் ஏன் இப்படி வரி விழுகிறது என்பதை ஆராய்ந்து 2007இல் இயற்பியலாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஸ்பிரிங்கே இல்லாத சக்கரம்கூட, குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டி உருண்டால் மணலில் வரிகளை உண்டாக்கிவிடுகிறது என்பது அவர்கள் கண்டது. சாலையைத் திருத்த முடியாது. வண்டியைத்தான் திருத்த வேண்டும்.

அங்கே விற்கும் ஐந்து கதவு ஜிம்னி என்ற சிறிய ஜீப் வகை வண்டி நம் குருகிராம் தொழிற்சாலையில் தயாராவது. பலர் அதை வாங்கியதும் இரண்டு அங்குலம், அதாவது 50 மில்லிமீட்டர், உயர்த்திவிடுகிறார்கள். அப்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. வண்டி உயர்ந்தது, ஆனால் முன்பைவிட அதிகமாகத் தூக்கிப்போடுகிறது.

வண்டியின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். ஷாக் அப்சார்பரின் வேலை வேறு: ஸ்பிரிங் ஆடிக்கொண்டே இருக்காமல் அடக்குவது. அலுவலகக் கதவை மெல்ல மூடவைக்கும் ஹைட்ராலிக் குளோசரைப் பார்த்திருப்பீர்கள், தத்துவம் அதேதான். பிஸ்டன் நகரும்போது ஆயில் சிறு துளைகளிலும் வால்வுகளிலும் நெருக்கிப் பிழிந்துகொண்டு போகிறது, அசைவின் ஆற்றல் வெப்பமாகிறது. அமுங்கும்போது ஓர் எதிர்ப்பு, விரியும்போது இன்னோர் எதிர்ப்பு. அமுங்கிய ஸ்பிரிங் சேர்த்துவைத்த விசையோடு திரும்ப உதைப்பதால், விரியும்போதுதான் பொதுவாக அதிக எதிர்ப்பு வைப்பார்கள்.

இந்த விரியும் எதிர்ப்பில்தான் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள். அது அளவுக்கு மீறினால், அமுங்கிய ஸ்பிரிங் முழுதாக விரிவதற்குள் அடுத்த மேடு வந்துவிடும். அதற்கடுத்த மேட்டில் அந்த விரிவு இன்னும் கொஞ்சம் குறையும். வரிச்சாலையில் சில நொடிகளிலேயே வண்டி தாழ்ந்து, சஸ்பென்ஷன் எல்லை மீறி அமுங்காமல் தடுக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பரின் மேல் உட்கார்ந்துவிடும். பிறகு ஒவ்வொரு அடியும் நேராகச் சேசிஸுக்கு, அங்கிருந்து முதுகெலும்புக்கு. ஓட்டுபவரோ ஷாக் மெத்தென்று இருப்பதால்தான் இப்படி என்று நினைத்து, இன்னும் கெட்டியான ஷாக்கை வாங்கி மாட்டுவார். நிலைமை மேலும் மோசமாகும்.

ஜிம்னியின் எடை 1,200 கிலோவை ஒட்டியே இருக்கும். வண்டியை உயர்த்தும் லிஃப்ட் கிட்டில் வரும் ஸ்பிரிங்குகள் பலவும் இரும்பு பம்பர், வின்ச், கூரைக் கூடாரம், தண்ணீர்த் தொட்டி எல்லாம் சுமக்கும் வண்டிக்கானவை. வெறும் வண்டிக்கு அவற்றைப் போட்டால் எந்த ஷாக்காலும் சொகுசு தர முடியாது. ஆகவே முதல் கேள்வி, வண்டி நிரந்தரமாக எத்தனை கிலோ சுமக்கப் போகிறது என்பதுதான். அதற்கேற்ற ஸ்பிரிங், அந்த ஸ்பிரிங்குக்கேற்ற ஷாக் என்ற வரிசையில் போக வேண்டும். ஷாக்கில் தொடங்கி ஸ்பிரிங்குக்கு வருபவர்கள் இரண்டு முறை செலவழிக்கிறார்கள்.

அடுத்தது நீளம். 50 மில்லிமீட்டர் உயர்த்திய வண்டியில் பழைய ஷாக் நிற்கும்போதே அவ்வளவு விரிந்திருக்கும். சக்கரம் குழியில் இறங்கினால் இழுத்துப் பிடித்து 'டங்' என்று அடிக்கும். நீளமான ஷாக் போட்டால் அதற்கு நேர்மாறான ஆபத்து: முழுக்க அமுங்கும்போது ரப்பர் தடுப்பதற்கு முன்பே பிஸ்டன் அடியில் மோதி, ஷாக்கோ அதன் பிடியோ உடையலாம். ஒரு சக்கரத்தை மேட்டில் ஏற்றி, அமுங்கிய பக்கத்தையும் தொங்கும் பக்கத்தையும் டேப் வைத்து அளந்துவிட்டு வாங்குவதுதான் ஒரே வழி. பிரேக் ஹோஸ் எவ்வளவு நீளும் என்பதையும் அப்போதே பார்த்துவிட வேண்டும்.

ஷாக் ஒற்றைக் குழாயா, இரட்டைக் குழாயா என்ற சண்டை ஓயாதது. ஒற்றைக் குழாய் வகையைப் பிரெஞ்சுப் பொறியாளர் பூர்சியே த கார்போன் உருவாக்கினார். 1950களில் ஜெர்மனியின் பில்ஸ்டைன் அதை மெர்சிடிஸ் கார்களுக்குக் கொண்டுவந்தது. அதில் ஆயிலும் நைட்ரஜனும் தனித்தனி அறைகளில் இருப்பதால் நுரை கட்டாது, வெப்பமும் சீக்கிரம் வெளியேறும். ஆனால் வாயு அழுத்தம் பிஸ்டன் தண்டை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். இலேசான வண்டியில் அது சற்று விறைப்பாகத் தெரியும். கல் பட்டுக் குழாய் நசுங்கினால் பிஸ்டன் சிக்கிக்கொள்ளும். இரட்டைக் குழாயில் வெளிக்குழாய் கொஞ்சம் நசுங்கினாலும் வேலை நடக்கும். சுமை குறைந்த ஜிம்னிக்கு நல்ல இரட்டைக் குழாய் ஷாக்கே போதும் என்பது என் எண்ணம். நாள் முழுக்க வரிச்சாலையில் ஓடும் சுமை வண்டிக்கு ஒற்றைக் குழாய்.

நம்மூரில் இதைச் செய்ய நினைப்பவர்கள் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவைப் படித்துவிட்டு இறங்குவது நல்லது. வண்டியில் மாற்றம் செய்ய அது வரம்பு வைத்திருக்கிறது.

மாட்டியபின் ஒரு சோதனை. மண்சாலையில் அரை மணி ஓட்டிவிட்டு நிறுத்தி, கையுறை போட்டுக்கொண்டு நான்கு ஷாக்கையும் தொட்டுப் பாருங்கள். நான்கும் சூடாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அது வேலை செய்யவில்லை, மாற்றிவிடுங்கள்.