வாடகை 4,000 ரூபாய் கம்மி... உங்க ஒரு மணி நேரம் என்ன விலைக்குப் போகுது?

சோழிங்கநல்லூர்ல வேலை. மேடவாக்கத்துல வீடு பார்த்தா வாடகை 14,000 ரூபாய், தாம்பரத்துல 10,000 ரூபாய்னு வச்சுக்குவோம். மாசம் 4,000 மிச்சம்னு உடனே அட்வான்ஸ் கொடுத்துடாதீங்க. பயண நேரத்தையும் கணக்குல சேருங்க. ஸ்கூல்ல படிச்ச ஃபார்முலாதான்:

நேரம் = தூரம் ÷ வேகம்

எந்த வேகம்?

ஸ்பீடோமீட்டர் காட்டுற வேகம் இல்லை. சிக்னல், டிராஃபிக் எல்லாம் சேர்ந்த சராசரி வேகம். தாம்பரத்துல இருந்து ஆபீஸ் சுமார் 18 கி.மீ. காலையில மணிக்கு 30 கி.மீ., சாயங்காலம் 15 கி.மீ. வேகம்னா, சராசரி 22.5 கிடையாது! போக 36 நிமிஷம், வர 72 நிமிஷம். மொத்தம் 108 நிமிஷம், அதாவது 1.8 மணி நேரம். 36 கி.மீ. ÷ 1.8 = 20. மெதுவா போகும்போதுதான் அதிக நேரம் ரோட்டுல இருக்கோம், அதான் சராசரி இறங்குது.

0.35 மணி நேரம்னா 35 நிமிஷமா?

மேடவாக்கம் சுமார் 7 கி.மீ. அதே வேகத்துல 7 ÷ 20 = 0.35 மணி நேரம். பலரும் சறுக்குற இடம் இது. 60-ஆல பெருக்கணும்: 21 நிமிஷம். தாம்பரத்துக்கு 0.9 × 60 = 54 நிமிஷம்.

மாசக் கணக்கு

• வித்தியாசம்: ஒரு வழிக்கு 33 நிமிஷம், நாளைக்கு 66 நிமிஷம்
• 22 வேலை நாளுக்கு: 1,452 நிமிஷம் ÷ 60 = 24.2 மணி நேரம். ஒரு முழு நாள்!
• கூடுதல் தூரம்: 11 × 2 × 22 = 484 கி.மீ.
• பைக் மைலேஜ் 45, பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய்னா செலவு சுமார் 1,075 ரூபாய்

ஆக, நிஜமான மிச்சம் 2,925 ரூபாய்தான். 24.2-ஆல வகுத்தா, மணிக்கு சுமார் 121 ரூபாய். கையில 40,000 வாங்குறவருக்கு, 176 மணி நேர வேலைக்கு, ஆபீஸ் தர்றது மணிக்கு சுமார் 227 ரூபாய்.

அப்போ மேடவாக்கம்தானா?

அவசியம் இல்லை. மிச்சமாகுற நேரத்துக்கு யாரும் சம்பளம் தரப்போறதில்லை. கிரெடிட் கார்டு பாக்கி வட்டி போட்டு ஏறிக்கிட்டு இருந்தா, அந்த 2,925 ரூபாய் பெரிய உதவி. ஏதாவது பரீட்சைக்குப் படிக்கிறீங்க, குழந்தை சின்னதா இருக்குன்னா, மாசம் 24 மணி நேரத்தை 121 ரூபாய்க்கு விக்கணுமான்னு யோசிங்க.

அட்வான்ஸ் கொடுக்கிறதுக்கு முன்னாடி, ஒரு வேலை நாள்ல ஆபீஸ் நேரத்துக்கே அந்த ரூட்ல போயிட்டு வாங்க. அந்த நிமிஷங்களைப் போட்டு உங்க கணக்கைப் போடுங்க.