கேட்டவர்க்கு மட்டும் காட்சி

நம் ராஜா அண்ணாமலைபுரத்துத் தபால்காரரிடம் ‘பாடகர் குழுவினருக்கு’ என்று மட்டும் எழுதிய கடிதம் ஒன்று வருகிறது என்று கொள்வோம். குழுவினர் எந்த வீட்டில் இருக்கின்றனர் என்று அவருக்குத் தெரியாது. ஆகவே பிரதி எடுத்து எல்லா வீடுகளிலும் போட்டுவிட்டுச் செல்கிறார். நாளுக்கு ஒரு கடிதம் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். விநாடிக்கு முந்நூறு என்றால்?

பள்ளிக் கணினிகளை இணைக்கும் ‘ஸ்விட்ச்’ என்னும் பெட்டி, ஒரே காட்சியைப் பலருக்கு அனுப்பும் ‘மல்டிகாஸ்ட்’ முறையில் இப்படித்தான் நடந்துகொள்கிறது. இயல்பில் அது புத்திசாலியே. வரும் செய்தியின் அனுப்புநர் முகவரியைப் பார்த்து, எந்தக் கணினி எந்தத் துளையில் இருக்கிறது என்று கற்றுக்கொள்ளும். ஆனால் மல்டிகாஸ்டின் பெறுநர் ஓர் ஆள் அன்று, ஒரு குழு. 224 முதல் 239 வரையுள்ள எண்களில் தொடங்கும் முகவரிகள் இக்குழுக்களுக்கென்றே ஒதுக்கப்பட்டவை. குழுவின் முகவரியிலிருந்து எவரும் செய்தி அனுப்புவதில்லை. ஆதலால் அது இருக்கும் திசையை ஸ்விட்ச் ஒருநாளும் கற்பதில்லை. தெரியாததை எல்லோருக்கும் அனுப்பிவிடுவது அதன் வழக்கம்.

படியேற இயலாத முதிய சகோதரிகள் தம் அறையிலிருந்தே திருப்பலி காண்பதற்காகச் சிற்றாலயத்தில் கேமரா வைத்தபோது இதை நேரில் கண்டோம். விநாடிக்கு 4 மெகாபிட் காட்சி அலுவலகம், நூலகம், ஆய்வகம் எங்கும் பாய்ந்தது. கம்பி வழி தாங்கியது, வைஃபை தாங்கவில்லை. மல்டிகாஸ்டை வைஃபை பொதுவாகத் தன் மிகக் குறைந்த வேகத்திலேயே அனுப்பும். அவ்வேகம் 6 மெகாபிட் என்றால் ஒரு கேமராவே பெரும்பங்கை விழுங்கிவிடும். அதுவோ பத்தாம் வகுப்புப் பெயர்ப்பட்டியலைப் பதிவேற்ற வேண்டிய வாரம்! கேமராவை எடுத்துவிடலாம் என்றனர் சிலர். எடுத்தால் படுக்கையிலிருக்கும் சகோதரிகளுக்குத் திருப்பலி ஏது?

எடுக்கத் தேவையில்லை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டீபன் டீரிங் 1989-இல் வெளியிட்ட ‘ஐ.ஜி.எம்.பி.’ என்னும் விதிமுறையின்படி, காட்சி வேண்டும் கணினி ‘நான் இக்குழுவில் சேர்கிறேன்’ என்று ஒரு சிறு செய்தி அனுப்பும். அச்செய்தியை ஸ்விட்ச் ஒட்டுக்கேட்டு, கேட்டவரின் துளைக்கு மட்டும் காட்சியை விடுவதே ‘ஸ்னூப்பிங்’. ஒட்டுக்கேட்பது நற்பழக்கம் அன்று என்று நமக்குக் கற்பித்திருக்கின்றனர். பெட்டிக்கு விலக்கு அளிப்போம்.

இவ்வசதியை இயக்கிய முதல் நாள், முதல் வாசகத்திற்கு முன்பே திரை கருத்துப்போயிற்று. காரணம் சுவையானது. ஒருமுறை கேட்டவர் இன்னும் இருக்கிறாரா என்று ஸ்விட்சுக்குத் தெரிய வேண்டும் அல்லவா? ‘யாருக்கு வேண்டும்?’ என்று 125 விநாடிக்கு ஒருமுறை கேட்க ‘குவெரியர்’ ஒன்று வேண்டும். பெரும்பாலும் ரௌட்டர் அவ்வேலையைச் செய்யும். எங்கள் வலையில் அதைச் செய்ய எவரும் இல்லை. கேள்வி இல்லையேல் பதிலும் இல்லை. 260 விநாடிகள் கழிந்ததும் பட்டியலிலிருந்து பெயர் நீங்கிவிடும். ஸ்விட்சிலேயே குவெரியரை இயக்கியதும் காட்சி நிலைத்தது.

வைஃபையில் ஒருவர் கேட்டாலும் அங்கு நெரிசல் திரும்பும். ஆகவே சகோதரிகளின் தொலைக்காட்சிக்குக் கம்பியே இழுக்கப்பட்டது. கேமராவுக்கு 239-இல் தொடங்கும் முகவரி கொடுத்தல் நலம். 224.0.0 என்று தொடங்குபவற்றை, ஸ்னூப்பிங் இருந்தாலும் ஸ்விட்ச் எல்லோருக்குமே அனுப்பிவிடும்.